அச்சம் யாருக்கு உரியது?

ஞாயிற்றுக்கிழமை இரவு 8.30 மணி. நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகை நடந்துகொண்டிருக்கும். அல்லது முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருப்பர். அதே நேரத்தில் நம் இளைஞர் பலருடைய கைப்பேசியில் ஒரு சிற்றொலி எழுகிறது. ஜப்பானில் அப்போது நள்ளிரவு, திங்கட்கிழமை பிறந்துவிட்டது. அந்நாட்டின் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' என்னும் வார இதழில் வெளிவரும் தொடர் சித்திரக் கதைகளின் புதிய அத்தியாயங்கள் உலகம் முழுவதற்கும் ஒருசேரத் திறக்கப்படும் கணம் அது. சென்ற வாரம் கதவுக்குப் பின்னால் நின்றது எது என்பதை அறிய ஏழு நாள் காத்திருந்த பிள்ளை, இமாம் ஸலாம் கொடுப்பதற்குள் அதை அறிந்துவிடத் துடிக்கிறான்.

வாசகரே, அவ்விதழின் பெயரை நீங்கள் கேள்விப்படாதிருக்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளை அறிவான். 1968-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அது, 1990-களின் நடுவில் வாரம் ஒன்றுக்கு 65 இலட்சம் பிரதிகள் என்ற அளவை எட்டிற்று. அதனை வெளியிடும் ஷூயெய்ஷா பதிப்பகம் 2019 ஜனவரியில் 'மங்கா பிளஸ்' என்னும் கைப்பேசிச் செயலியைத் தொடங்கி, புதிய அத்தியாயங்களைக் கட்டணமின்றி ஆங்கிலத்தில் தரலாயிற்று. மங்கா என்பது ஜப்பானியர் தம் சித்திரக் கதைக்கு இட்ட பெயர். நம் மாங்காய்க்கும் அதற்கும் உறவில்லை. அக்கதைகளுள் பெருவரவேற்புப் பெற்றவை பல, பேயையும் சாபத்தையும் மனிதரைத் தின்னும் அரக்கரையும் பற்றியவை.

சில மாதங்களுக்கு முன், ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளிவருகையில் ஒரு தந்தை என்னை நிறுத்தினார். அவருடைய மகனுக்குப் பதினான்கு வயது. ஸுப்ஹுத் தொழுகைக்கு வர மறுக்கிறான். வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் இடையிலுள்ள இருட்டுச் சந்தைக் கடக்க அஞ்சுகிறான். "எல்லாம் அந்தப் பேய்ப் படக்கதைகள் செய்த வேலை. அவை ஹராம் என்று நீங்கள் ஒரு சொல் சொல்லிவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். 'மற்றது' இன்னதென்பது அவருடைய வலக்கையின் அசைவிலேயே விளங்கிற்று.

மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதி எனக்கில்லை. அது உலமாக்களின் பொறுப்பு. உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றி அவர்களிடையே நெடுங்காலமாக உள்ள கருத்து வேறுபாட்டுக்குள்ளும் நான் நுழைய விரும்பவில்லை. பையனிடம் பேசிப் பார்ப்பதாக மட்டும் ஒப்புக்கொண்டேன். பேசுமுன் அவன் படிப்பவற்றை நானும் படிக்க வேண்டும் அன்றோ? ஒரு மாதகாலம் படித்தேன். படித்து முடித்தபோது, தொடங்கியபோது எனக்கிருந்த கருத்து இல்லை.

பெரியவர்களாகிய நாம் முதலில் நம் இளமையை நினைத்துப் பார்த்தல் நலம். அம்புலிமாமாவில் மாதந்தவறாமல் வேதாளத்தைத் தோளில் சுமந்து நடந்த விக்கிரமனை மறந்துவிட்டோமா? சங்கர் என்று அறியப்பட்ட ஓவியர் கே. சி. சிவசங்கரன் வரைந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, போர்வைக்குள் முகத்தைப் புதைத்தவர்கள் இன்று பள்ளிவாசலின் முதல் வரிசையில் நிற்கிறார்கள். முஸ்லிம் வீடுகளிலும் அவ்விதழ் வந்தது. அதைப் படித்த நம்மவர் எவரும் முருங்கை மரத்துக்குப் படையல் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. அஞ்சத்தக்க கதையொன்றை நம் நாயகம் (ஸல்) அவர்களே மிம்பரின் மீதமர்ந்து மக்களுக்கு எடுத்துரைத்திருக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள அதனை அறிவிப்பவர் ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள். கிறிஸ்தவராயிருந்து இஸ்லாத்தை ஏற்ற தமீமுத் தாரீ (ரலி) அவர்கள், தமக்குக் கடலில் நேர்ந்ததைப் பெருமானாரிடம் கூறினார். லக்ம், ஜுதாம் குலத்தார் முப்பது பேருடன் அவர் ஏறிய கப்பலை ஒரு மாதகாலம் அலைகள் அலைக்கழித்தன. கதிரவன் மறையும் வேளையில் ஒரு தீவை அடைந்தனர். அங்கே உடலெங்கும் அடர்ந்த மயிருடைய ஒரு பிராணி எதிர்ப்பட்டது. அதன் முன்புறம் எது, பின்புறம் எது என்று புலப்படவில்லை. அது பேசிற்று. தன் பெயர் ஜஸ்ஸாஸா என்றது. அதோ அந்த மடத்தில் ஒருவன் உங்கள் செய்திக்காக ஏங்கியிருக்கிறான், அவனிடம் செல்லுங்கள் என்றது. இவள் ஒரு ஷைத்தானோ என்று நடுங்கியவாறு அவர்கள் விரைந்தனர். உள்ளே, அதுவரை கண்டிராத பேருருவம் படைத்த ஒரு மனிதன், கைகள் கழுத்தோடு பிணிக்கப்பட்டு, கால்களில் இரும்பு பூட்டப்பட்டுக் கிடந்தான். அவன் பைஸான் ஊரின் பேரீச்ச மரங்களைப் பற்றிக் கேட்டான். திபரியா ஏரியில் நீர் இருக்கிறதா என்று கேட்டான். எழுதப் படிக்காத நபியைப் பற்றிக் கேட்டான். பின்னர்த் தான் யாரென்று சொன்னான். அவனே தஜ்ஜால்.

எந்த ஜப்பானிய ஓவியரும் இதைவிட அஞ்சத்தக்க ஒரு காட்சியை எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. தீவு, அந்தி, உருவம் புலப்படாத விலங்கு, பூட்டிய இரும்பு, முதலில் சாதாரணமாகவும் போகப்போக விபரீதமாகவும் மாறும் கேள்விகள், யாவும் அதில் உள்ளன. எனினும், இதைச் சொல்ல வந்து அமர்ந்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள் என்கிறது அறிவிப்பு. அந்தப் புன்னகையைப் பற்றி நான் நெடுநேரம் சிந்தித்தேன். கட்டுண்டு கிடப்பவன் எதற்காகக் காத்திருக்கிறான்? வெளியேறுவதற்கான அனுமதிக்காக. அவனுக்கும் அனுமதி வேண்டும். மக்காவுக்குள்ளும் மதீனாவுக்குள்ளும் அவனால் நுழைய இயலாது. வாயில்தோறும் வானவர் காவல். அச்சம் அங்கே முழு அளவில் இருக்கிறது. ஆயின் அந்த அச்சத்துக்கு மேல் ஓர் அதிபதி இருக்கிறான்.

இந்த ஒன்றை அளவுகோலாகக் கையில் வைத்துக்கொண்டு பையனின் கதைகளைப் படிக்கத் தொடங்கினேன்.

ஜுன்ஜி இட்டோ என்பவரின் 'உஸுமாகி' முதலில் கிடைத்தது. செயற்கைப் பல் செய்யும் தொழிலிலிருந்து ஓவியத்துக்கு வந்தவர் அவர். 1998, 1999-ஆம் ஆண்டுகளில் தொடராக வந்த அக்கதையின் பெயருக்குச் சுழல் என்பது பொருள். கடலோரச் சிற்றூர் ஒன்றைச் சுழல் என்னும் வடிவம் பீடிக்கிறது. ஒருவர் நத்தை ஓட்டையே பார்த்தவண்ணம் இருந்து, இறுதியில் தம் உடலையே சுருட்டிக்கொண்டு மடிகிறார். சுடுகாட்டுப் புகை சுழல்கிறது. பள்ளி மாணவர் நத்தைகளாகின்றனர். ஊரைவிட்டு வெளியேற முயல்வோர் ஊருக்கே திரும்பி வருகின்றனர். ஏன் இவ்வாறு? கதை விடை தருவதில்லை. யார் செய்த குற்றம்? எவருடையதும் அன்று. யாரிடம் முறையிடுவது? முறையிட எவருமில்லை. படத்தின் நுணுக்கம் வியக்கத்தக்கது. கோடு கோடாக அவர் இருளை நெய்கிறார். ஆயினும் அதைப் படித்த இரவு நான் உணர்ந்தது பேயச்சம் அன்று. அதைவிட வறண்ட ஒன்று. ஷைத்தான் உண்டு, இறைவன் இல்லை என்று சொல்லும் உலகம் எப்படியிருக்குமோ, அப்படி இருந்தது அது. இல்லை, ஷைத்தான்கூட அங்கில்லை. வெறும் வடிவம் ஒன்று மனிதனை விழுங்குகிறது. பதினான்கு வயதில் இதைத் தனியே படிக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பெரியவர்கள் படிக்கலாம், படித்துவிட்டு உளூச் செய்துகொண்டு உறங்கலாம்.

பின்னர், தாட்சுகி ஃபுஜிமோட்டோ எழுதி வரைந்த 'செயின்சா மேன்'. 2018 டிசம்பரில் தொடங்கியது. அதன் இரண்டாம் பாகம் 2022 ஜூலையில் தொடங்கிற்று. குருதி மிகுந்த கதை; சில பக்கங்களைப் புரட்டித் தள்ளினேன். ஆனால் அதன் அடித்தளத்திலுள்ள ஓர் எண்ணம் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. அக்கதையில் ஒவ்வொரு பேயும் மனிதர் அஞ்சும் ஏதேனும் ஒன்றின் பெயரைத் தாங்கிப் பிறக்கிறது. அப்பெயரை மக்கள் எவ்வளவு அஞ்சுகிறார்களோ, அவ்வளவு வலிமை அதற்கு. எவரும் அஞ்சாத பொருளின் பேய் அற்பமானது. துப்பாக்கியின் பேயோ நாடுகளை நடுக்குவது. அதாவது, பேய்க்கு உணவு நம் அச்சமே.

திருமறையின் 72-ஆம் அத்தியாயம் ஜின்களின் பெயரையே தாங்கியது. அதன் ஆறாம் வசனத்தின் கருத்தை நினைவுகூருங்கள். மனிதரில் சிலர் ஜின்களில் சிலரிடம் பாதுகாவல் தேடி வந்தனர். அது ஜின்களின் செருக்கை வளர்த்ததென்றும், அவர்களின் அத்துமீறலை அதிகமாக்கிற்றென்றும் விரிவுரையாளர் விளக்குவர். அறியாமைக் கால அரபிகள் பயணத்தில் ஒரு பள்ளத்தாக்கில் இரவு தங்கினால், அப்பள்ளத்தாக்கின் ஜின் தலைவனிடம் அடைக்கலம் வேண்டிய பின்னரே கண்ணயர்வார்களாம். அவர்கள் அஞ்ச அஞ்ச அவன் வளர்ந்தான். இறைவனையோ இஸ்லாத்தையோ எண்ணாமல் எங்கோ தொலைவில் அமர்ந்து படம் வரைந்த ஓர் இளைஞர், அச்சத்தின் இயல்பை உற்றுநோக்கி இதற்கு இவ்வளவு அருகில் வந்து சேர்ந்திருக்கிறார். அருகில் வந்தாரேயன்றி உள்ளே வரவில்லை. அச்சத்தால் வளர்ந்த ஒன்றை எதைக்கொண்டு சிறிதாக்குவது என்ற கேள்விக்கு அவருடைய வீரனிடம் இருப்பது மரம் அறுக்கும் இயந்திர வாள்தான். நம்மிடம் உள்ள விடை வேறு. தன் கூட்டத்தாரைப் பெரிதாகக் காட்டி அச்சுறுத்துவது ஷைத்தானின் வழக்கம் என்றும், நம்பிக்கை கொண்டோர் அவர்களை அஞ்சாது தன்னையே அஞ்ச வேண்டும் என்றும் ஆலு இம்ரான் அத்தியாயத்தில் இறைவன் அறிவுறுத்துகிறான்.

ஆகவே, வாசகரே, என் கருத்து இதுதான். இக்கதைகளைப் படிப்பதால் பிள்ளை பேயை நம்பிவிடுவான் என்பது நம் கவலையாக இருக்கத் தேவையில்லை. கண்ணுக்குப் புலனாகாத படைப்புகள் உண்டென்பதை முஸ்லிம் முன்பே நம்புகிறவன். கவலைப்பட வேண்டியது, இறைவனுக்கு உரிய அச்சம் அவன் உள்ளத்திலிருந்து பெயர்ந்து வேறு எங்கேனும் குடியேறிவிட்டதா என்பதைப் பற்றியே. அச்சமும் ஒரு வணக்கம்.

இந்தக் கண்கொண்டு பார்த்தால் எல்லாக் கதைகளும் ஒரே தட்டில் நிற்பதில்லை. 'டெத் நோட்' 2003 முதல் 2006 வரை 108 அத்தியாயங்களாக வந்தது. மரணத் தேவன் ஒருவன் பொழுதுபோகாமல் ஒரு குறிப்பேட்டைப் பூமியில் நழுவ விடுகிறான். முகமறிந்த எவருடைய பெயரை அதில் எழுதினாலும் அவர் இறந்துபோவார். அறிவுமிக்க மாணவன் ஒருவன் அதைக் கண்டெடுத்து, தீயவரைக் கொன்று உலகைத் திருத்தப் போவதாகக் கூறிப் பெயர்களை எழுதுகிறான். எவருடைய தவணையும் இறைவனிடமே உள்ளது என்று நம்பும் நமக்கு இக்கற்பனை முதலில் முள்ளாய்த் தைக்கும். ஆனால் படியுங்கள். அந்த மரணத் தேவன் அவனை ஒருமுறைகூட வற்புறுத்துவதில்லை. பார்த்துக்கொண்டு நிற்கிறான், அவ்வளவே. எழுதும் கை மாணவனுடையது. கடைசியில் அவன் பெயரும் எழுதப்படுகிறது. மறுமையில் ஷைத்தான் தன்னைப் பின்பற்றியோரிடம் பேசப்போவதாக இப்ராஹீம் அத்தியாயம் காட்டும் காட்சி என் நினைவுக்கு வந்தது. உங்கள்மீது எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, அழைத்தேன், வந்தீர்கள், என்னைப் பழிக்காமல் உங்களையே பழித்துக்கொள்ளுங்கள் என்ற பொருள்பட அவன் பேசுவான். எந்தக் கதையிலும் இதைவிடக் குளிர்ந்த பேச்சை நான் படித்ததில்லை.

'கிமெட்சு நோ யைபா' 2016 முதல் 2020 வரை வந்தது, 23 நூல்கள். குடும்பத்தை அரக்கனிடம் பறிகொடுத்த சிறுவன் வாளேந்துகிறான். ஆயினும் வீழ்ந்த அரக்கன் ஒருகாலத்தில் மனிதனாயிருந்தவன் என்றெண்ணி இரங்குகிறான். இதில் கேடொன்றும் எனக்குத் தென்படவில்லை. ஷிகெரு மிசுகி என்ற முதியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1922-இல் பிறந்து, போருக்கு இழுத்துச் செல்லப்பட்டு, ரபாவுலில் குண்டுவீச்சில் இடக்கையை இழந்தவர். ஊர் திரும்பிய பின் எஞ்சிய ஒரு கையால் அவர் வரைந்த 'கெகெகெ நோ கிதாரோ' கதையில் பேய்கள் ஏறக்குறைய அண்டை வீட்டார் போலப் பழகுகின்றன. 2015-இல் தம் 93-ஆம் வயதில் மறைந்தார். மனிதன் மனிதனுக்குச் செய்வதைக் கண்ணால் கண்டவருக்குப் பேய் எம்மாத்திரம்!

பெற்றோருக்கு நடைமுறைச் செய்தி ஒன்று. ஜப்பானியர் தம் சித்திரக் கதை இதழ்களைப் படிப்போரின் வயதை வைத்துப் பிரித்திருக்கின்றனர். 'ஷோனென்' என்பது சிறுவருக்கு. 'செய்னென்' என்பது வளர்ந்த ஆண்களுக்கு. 'பெர்செர்க்', 'டோக்கியோ கூல்' போன்றவை இரண்டாம் வகை இதழ்களில் வந்தவை. அவற்றில் கொடுமையும் நாணங்கெட்ட காட்சிகளும் உள்ளன. படம் போட்டிருந்தால் அது குழந்தைகளுக்குரியது என்றெண்ணும் நம் வழக்கம் இங்கே உதவாது. சிறுவர் இதழிலும் குருதிக்குப் பஞ்சமில்லை என்பது வேறு செய்தி. வீட்டில் ஒருவரேனும் முதல் அத்தியாயத்தையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

இனித் 'தொடரும்' என்ற சொல்லுக்கு வருகிறேன். என் மனம் உண்மையாகவே கசந்தது இதில்தான். ஷோனென் ஜம்ப் இதழ், தமக்குப் பிடித்த மூன்று கதைகளைக் குறித்தனுப்பும்படி வாசகரிடம் அஞ்சலட்டை வாயிலாகக் கேட்கும். ஆதரவு குன்றிய தொடர் விரைவில் நிறுத்தப்படும். எனவே ஒவ்வொரு வாரமும் ஓவியர் தம் பிழைப்பைக் காக்கப் போராடுகிறார். ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதிப் பக்கமும், அடுத்த வாரம் வரை படிப்பவனின் மூச்சைப் பிடித்து நிறுத்துமாறு அமைக்கப்படுகிறது. பிழைப்புக்கென அவர் செய்வதை நான் குறை கூறேன். ஆனால் காத்திருப்பது யார்? நம் பிள்ளை. அவன் உள்ளத்தில் நாள்களை எண்ணும் ஓர் இடம் உண்டு. ரமளானுக்காகவும், வெள்ளிக்கிழமைக்காகவும், அடுத்த வக்துக்காகவும் இருக்கவேண்டிய இடம். அங்கே இப்போது ஞாயிறு இரவு 8.30 அமர்ந்திருக்கிறது.

மக்காவில் நள்ரு இப்னு ஹாரித் என்றொருவன் இருந்தான். பாரசீக மன்னரின் கதைகளையும், ருஸ்தம், இஸ்ஃபந்தியார் ஆகிய வீரர்களின் கதைகளையும் கற்று வந்து, பெருமானார் (ஸல்) அவர்கள் ஓதிக்காட்டிய இடங்களில் மக்களைத் தன்பால் ஈர்த்துக்கொண்டான். லுக்மான் அத்தியாயத்தில் வீண் பேச்சை விலைக்கு வாங்குவோரைக் கண்டிக்கும் வசனம் அவனைப் பற்றியதே என்பர் விரிவுரையாளர் சிலர். அவனுடைய குற்றம் ருஸ்தமின் வீரத்தைப் பேசியதா? எந்த நேரத்தில், எதற்கு எதிராகப் பேசினான் என்பதே குற்றம். ஓர் அத்தியாயம் எட்டரைக்குத் திறந்தால் ஒன்பதரைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

'பெர்செர்க்' தொடரை 1989-இல் தொடங்கியவர் கென்தாரோ மியுரா. 32 ஆண்டுகள் வரைந்தார். 2021 மே மாதம், தம் 54-ஆம் வயதில் திடீரென மறைந்தார். கதை முடியவில்லை. முடிவை அவர் வாயால் முன்பே கேட்டிருந்த நண்பர் கோஜி மோரி மேற்பார்வையிட, மியுராவின் உதவி ஓவியர்கள் 2022 ஜூனில் அதனைத் தொடர்ந்தனர். முடிவுக்காகக் காத்திருந்த படிப்போரும் இடையில் எத்தனையோ பேர் மறைந்திருப்பர். அவரவர் தவணை எந்த வாரத்துக் கடைசிப் பக்கத்துக்காகவும் தள்ளிப்போகவில்லை.

பையனிடம் வருகிறேன். அவன் வெளிப்படையானவன். தான் படிப்பவற்றையெல்லாம் ஒளிக்காமல் காட்டினான். நானும் படித்திருக்கிறேன் என்றறிந்ததும் அவன் முகம் மலர்ந்ததைச் சொல்லி முடியாது. "உன் அத்தா சொல்கிறாரே, இவற்றைப் படித்துத்தான் சந்தைக் கடக்க அஞ்சுகிறாயா?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கினான். பிறகு, "இல்லை நன்னா. அங்கே ஒரு புளியமரம் இருக்கிறது" என்றான்.

அந்தப் புளியமரத்தில் ஜின் குடியிருப்பதாக மூன்று வயதிலிருந்தே அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சோறு உண்ண மறுத்தபோது பாட்டியார் சொன்னார். உறங்க மறுத்தபோது தாயார் சொன்னார். வெயிலில் விளையாடப் போகாதிருக்கும் பொருட்டு, என்னிடம் முறையிட்ட அதே தந்தையும் சொல்லியிருக்கிறார். ஜப்பானியக் கதை அவன் உள்ளத்தில் புதிய அச்சம் எதையும் நடவில்லை. நாம் நட்டு வளர்த்த புளியமரத்துக்குக் கிளைகளை வரைந்து கொடுத்தது, அவ்வளவே. கையில் கறுப்புக் கயிறு கட்டியதும் நாம்தான்.

நம் மார்க்கம் இப்படிச் சொல்லித் தரவில்லை. தோழர்களுள் ஒருவர் உறங்கிக்கொண்டிருக்கையில் வேறொருவர் விளையாட்டாக அவருடைய கயிற்றை எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது மற்றொரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்ததாக அபூதாவூத் நூலில் உள்ளது. அந்தி நேரத்தில் ஷைத்தான்கள் பரவுகின்றன, குழந்தைகளை உள்ளே நிறுத்துங்கள் என்று அவர்கள் கூறியது உண்மையே. ஆனால் அந்த ஹதீஸ் அங்கே முடிவதில்லை. இறைவன் பெயர் கூறிக் கதவை மூடச் சொன்னார்கள். மூடிய கதவை ஷைத்தான் திறப்பதில்லை என்றும் சொன்னார்கள். அச்சத்தைச் சொன்ன அதே மூச்சில் தாழ்ப்பாளையும் கொடுத்தார்கள். நம் வீடுகளில் முதற்பாதி மட்டுமே குழந்தைகளுக்குச் சொல்லப்படுகிறது.

தந்தையிடம் கைப்பேசியைப் பறிக்க வேண்டாம் என்றேன். பள்ளிவாசலிலிருந்து இஷா முடிந்து வந்த பின்னரே அத்தியாயத்தைத் திறப்பது என்று பையன் தானே ஒப்புக்கொண்டான். வளர்ந்தவர்களுக்குரிய தொடர்கள் இரண்டை அவன் விட்டுவிட வேண்டுமென்று நான் கேட்டேன். ஒன்றை விட்டான், மற்றொன்றுக்கு வாதாடினான். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

ஸுப்ஹுக்கு மூன்று நாள் நானே அவனை அழைத்துச் செல்வதாகக் கூறினேன். முதல் நாள் சந்தில் நடக்கும்போது ஒரு கதை சொன்னேன். புகாரியில் உள்ளது, நீங்களும் அறிந்ததே. ரமளானின் ஸகாத்துப் பொருளைக் காக்கும் பொறுப்பை அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒப்படைத்திருந்தார்கள். இரவில் ஒருவன் வந்து உணவுப் பொருளை இரு கையாலும் அள்ளினான். பிடித்துவிட்டார். வறியவன், பிள்ளைகுட்டிக்காரன் என்று கெஞ்சினான், இரங்கி விட்டுவிட்டார். விடிந்ததும் பெருமானார் (ஸல்) அவர்கள், யாரும் சொல்லாமலே, நேற்றிரவு உம்முடைய கைதி என்ன செய்தான் என்று வினவினார்கள். அவன் பொய் சொன்னான், மீண்டும் வருவான் என்றார்கள். இவ்வளவில் நாங்கள் பள்ளிவாசல் வாயிலை அடைந்துவிட்டோம். நான் நிறுத்திக்கொண்டேன். "பிறகு?" என்றான். நாளைக்கு என்றேன்.

இரண்டாம் நாள் இரண்டாம் இரவைச் சொன்னேன். அவன் வந்தான்; பிடிபட்டான்; கெஞ்சினான்; விடப்பட்டான்; மீண்டும் வருவான் என்று முன்போலவே சொல்லப்பட்டது. "யார் நன்னா அவன்?" என்று பையன் என் கையைப் பற்றி உலுக்கினான். மூன்றாம் இரவில் அவன் தன் விடுதலைக்கு ஈடாகக் கற்றுக்கொடுத்தது ஆயத்துல் குர்ஸி என்பதையும், உறங்கப் போகுமுன் அதை ஓதினால் விடியும் வரை ஷைத்தான் அண்டுவதில்லை என்பதையும், பொய்யனாகிய அவன் இதில் மட்டும் உண்மை பேசினான் என்று பெருமானார் கூறியதையும், அவன் யாரென்பதையும் நீங்கள் அறிவீர்கள். அவனுக்கு அது தெரியாது. நான் பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உளூச் செய்யப் போனேன்.

மூன்றாம் நாள் நான் சற்றுத் தாமதித்துவிட்டேன். பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. தெருவிளக்கில்லாத அந்தச் சந்தின் முனையில் திரும்பியபோது, அவன் வீட்டு வாசலில் எவருமில்லை. இன்றும் வரவில்லையோ என்று எண்ணியவாறு நடந்தேன். புளியமரத்தடியில், தலையில் தொப்பியுடன், என்னை எதிர்பார்த்து அவன் நின்றுகொண்டிருந்தான்.

"நன்னா, அந்தக் கள்ளன் மறுபடியும் வந்தானா?" என்று கேட்டான்.